பிரேசிலின் புது ஊடகக் கலையும் வழக்கொழிந்த தொழில்நுட்பமும்

திறவுச்சொற்கள்: பிரேசில், புது ஊடகக் கலை, வழக்கொழிவு, விடியோடெக்ஸ்டு, காம்பியாரா

முன்னுரை

வளரும் நாடுகளின் புது ஊடகக் கலையைப் பற்றி எழுதுவோரிடம் ஒரு கருத்துப் பரவலாகக் காணப்படுகிறது. செல்வ நாடுகள் கழித்துவிட்ட கருவிகளை வறிய நாட்டுக் கலைஞர் எடுத்துக் கலையாக்குகிறார் என்பதே அது. பிரேசிலின் சான்றுகளைக் காலவரிசையில் வைத்து நோக்கினால் இக்கருத்துப் பெரிதும் பொருந்தவில்லை. அங்குக் கலைஞர்கள் கையாண்ட கருவிகள் பல, கையாண்ட நாளில் புதியவை, பின்னரே பழையவையாயின. அவ்வாறு ஆக்கிய முடிவு கலைஞரின் கையில் இருக்கவில்லை. ஆகவே வழக்கொழிவைக் கருவியின் இயல்பாகக் கொள்வதைவிட, அது எப்போது, யாரால் நிகழ்ந்தது என வினவுவதே வரலாற்றுக்குப் பயன்தரும்.

மோட்டாரும் கணினியும்

நதால் நகரில் 1928 இல் பிறந்த அப்ரகாம் பலாட்னிக், டெல் அவீவில் எந்திரப் பொறியியலும் ஓவியமும் பயின்றவர். விளக்குகளையும் மோட்டார்களையும் ஒரு பெட்டியினுள் அமைத்து, திரையில் நிறங்கள் மெல்ல நகர்ந்து மாறும் கருவி ஒன்றை அவர் உருவாக்கினார். 1951 இல் நடைபெற்ற முதல் சாவோ பாவ்லோ ஈராண்டுக் கண்காட்சிக்கு அதனை அனுப்பியபோது, ஓவியம், சிற்பம் என எவ்வகையிலும் அடங்காதது எனக் கூறித் தேர்வுக் குழுவினர் ஏற்க மறுத்தனர். ஜப்பானியப் படைப்புகளுக்கென ஒதுக்கிய இடம் காலியாகக் கிடந்தமையால் அது பின்னர் உள்ளே வைக்கப்பட்டது. பன்னாட்டு நடுவர் குழுவின் சிறப்புக் குறிப்பையும் பெற்றது. அக்கருவியில் பழைய பொருள் என்று எதுவும் இல்லை. கடைகளில் கிடைத்த விளக்குகளும் கம்பிகளுமே அதன் உறுப்புகள்.

வால்டெமார் கொர்தெய்ரோவின் கணினிக் கலை இன்னும் தெளிவான சான்று. ரோம் நகரில் பிறந்து சாவோ பாவ்லோவில் வாழ்ந்த இவர், 1968 இல் இயற்பியலாளர் ஜார்ஜோ மொஸ்காட்டியுடன் இணைந்து சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் ஐபிஎம் 360/44 கணினியைப் பயன்படுத்தத் தொடங்கினார். ஐபிஎம் நிறுவனம் 360 வரிசையை அறிவித்தது 1964 இல்; எனவே கொர்தெய்ரோ கையாண்டது நடப்புத் தலைமுறைக் கணினியே. 1969 ஆம் ஆண்டின் 'ஒரு படத்தின் வகைக்கெழுக்கள்' என்னும் படைப்பில், காதலர் நாள் விளம்பரப் படம் ஒன்று 98 × 112 கட்டங்களாக, அதாவது 10,976 புள்ளிகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு புள்ளியின் கருமையும் ஏழு படிநிலைகளில் ஒன்றாக மதிப்பிடப்பட்டுத் துளை அட்டைகளில் பதிவாயிற்று. அடுத்தடுத்த புள்ளிகளின் வேறுபாட்டைக் கணினி கணக்கிட, வரி அச்சுப்பொறி எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டுக் கருமையை உண்டாக்கியது. வகையிடல் தொடரத் தொடர, காதலரின் முகங்கள் கரைந்து விளிம்புகள் மட்டும் எஞ்சின. கணிதச் செயல் ஒன்று உணர்ச்சிப் படமொன்றை இவ்வாறு அரித்துச் செல்வதைக் காட்டிய வகையில் இது வெறும் தொழில்நுட்பப் பயிற்சியன்று. அக்கணினியின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆயினும் படைப்பு காகிதத்தில் அமைந்தமையால் பிழைத்தது.

சந்தை ஒதுக்கீடும் இணைப்பு நிறுத்தமும்

இராணுவ ஆட்சியின் இறுதிக் காலத்தில், 1984 அக்டோபரில், 7.232 ஆம் எண் தகவலியல் சட்டம் நிறைவேறியது. சிறு கணினிச் சந்தையை எட்டாண்டுகளுக்கு உள்நாட்டு நிறுவனங்களுக்கே அது ஒதுக்கியது. வெளிநாட்டுக் கணினிகளின் படிகள் பிரேசிலில் உருவாயின. 1982 இல் பிரிட்டனில் வெளிவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், 1985 இல் டிகே90எக்ஸ் என்னும் பெயரில் அங்குப் புதுப்பொருளாயிற்று. ஒரே கருவிக்கு ஈரிடத்தில் இருவேறு வயது.

இச்சூழலில் தோன்றியதே எத்துவார்து காக்கின் விடியோடெக்ஸ்டுக் கவிதை. பிரான்சின் மினிடெல் தொழில்நுட்பத்தைக் கொண்டு சாவோ பாவ்லோவின் தொலைபேசி நிறுவனம் 1982 இல் விடியோடெக்ஸ்டுச் சேவையைத் தொடங்கியிருந்தது. காக் 1985 இல் படைத்த 'ரியாப்ரகடாப்ரா'வில் 'அ' ஒலிக்குரிய ரோமன் எழுத்து ஒரு தூண்போல் நிற்க, மெய்யெழுத்துகள் அதனைச் சூழ்ந்து அமைகின்றன. தொலைபேசி இணைப்பின் மெதுவான வேகத்தில் திரை சிறிது சிறிதாக வரையப்படுவதும் கவிதையின் பகுதியே. இங்கு அழிவின் வகை வேறு. முனையப் பெட்டி பழுதின்றி இருந்தாலும் சேவை நின்றவுடன் கவிதை மறைந்துவிடும். பிரான்சிலும் மினிடெல் சேவை 2012 ஜூன் 30 அன்று நிறுத்தப்பட்டது. காக்கின் படைப்புகள் பிற்காலத்தில் பழைய முனையங்களில் மீட்டெடுக்கப்பட்டன. ஆயினும் பொதுமக்கள் தொலைபேசி வழியே அழைத்துக் கண்ட அந்த வலைப்பின்னல் மீளவில்லை.

ரெசிஃபி நகரில் மருத்துவமனை ஊழியராக இருந்த பாவ்லு புருஸ்கி ஒளிநகல், மூளை மின்னலைப் பதிவு, தொலைநகல் ஆகியவற்றைக் கலைக்குப் பயன்படுத்தியதும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. அவையும் அந்நாளில் பயன்பாட்டில் இருந்த கருவிகளே.

காம்பியாரா

பழைய கருவியை வேண்டுமென்றே தேர்ந்துகொள்ளும் போக்கு 2000க்குப் பின்னரே வலுப்பெறுகிறது. நன்கொடைக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளால் உயிர்ப்பித்த மெத்தாரெசிக்லாஜெம் 2002 இல் தோன்றியது. இசைக்கலைஞர் ஜில்பெர்த்து ஜில் பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது (2003–2008) இத்தகைய முயற்சிகள் அரசின் ஆதரவையும் பெற்றன. பெலோ ஒரிசாந்தேயில் 2008 இல் ஃபிரெட் பவுலினோ முதலியோர் தொடங்கிய 'காம்பியோலோஜியா' குழு இதற்கு ஒரு கொள்கைப் பெயரே சூட்டியது. 'காம்பியாரா' என்பது கையில் கிடைத்ததைக் கொண்டு தற்காலிகமாகச் சரிசெய்யும் வேலையைக் குறிக்கும் மக்கள் வழக்கு. நம்மூர் 'ஒட்டுப்போடுதல்' அதற்கு ஓரளவு நெருங்கியது. சரக்கு மிதிவண்டியில் ஒளிவீழ்த்தியும் கணினியும் பொருத்தி, தெருச் சுவர்களில் ஒளியால் எழுதிய 'காம்பியோசிக்லோ' அக்குழுவின் அறியப்பட்ட படைப்பு.

இக்குழுவின் ஆக்கங்களில் நகைச்சுவையும் திறமும் உண்டு. ஆனால் இதனைக் கொண்டு முந்தைய அரை நூற்றாண்டையும் பழம்பொருட்கலை எனப் படிப்பது பிழை. மேலும், குடிசைப் பகுதியில் மின்கம்பியை ஒட்டுப்போடுபவருக்கு அது தேர்வன்று, தேவை. கலைக்கூடத்தில் அதே செயல் அழகியலாகப் போற்றப்படும்போது இவ்வேறுபாடு மறைகிறது.

வழக்கொழிவை உண்டாக்கும் அதிகாரம் எப்போதும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கே உரியது என்றும் கூறிவிட இயலாது. ஆற்றல் சேமிப்பு விதிகளின்கீழ்ப் பிரேசில் அரசே பொதுப் பயன்பாட்டு இழைவிளக்குகளின் விற்பனைக்கு 2016 இல் தடை விதித்தது. பலாட்னிக் 2020 இல் மறைந்தார். அவருடைய ஒளிக் கருவிகள் இழைவிளக்குகளுக்கென அமைந்தவை; வேறு வகை விளக்கை இட்டால் திரையில் விழும் நிறமும் மாறிவிடும்.