மட்டக்களப்பின் ஊர்க்கூத்து

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் உள்ள தமிழ்க் கிராமங்களில் கூத்து தொழில்முறைக் குழுக்களின் கையில் இருக்கவில்லை. ஆடியவர்கள் வயல் செய்தவர்கள், மீன் பிடித்தவர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள். ஊர் கூடித் தீர்மானித்தால்தான் அந்த வருடம் கூத்து. வடமோடி, தென்மோடி என்று அதில் இரண்டு வகை. வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகளை எடுத்துப் போரில் முடிக்கும், உடுப்பு கனமானது. தென்மோடி காதலும் கல்யாணமுமாகப் போகும். உடுப்பு இலேசானது, ஆட்டமோ கூடுதல் நுணுக்கமானது.

ஒரு கூத்து களரி, அதாவது ஆடுகளம், காணப் பல மாதங்கள் பிடிக்கும். முதலில் ஊர்ப் பெரியவர்களும் அண்ணாவியாரும் கூடி எந்தக் கதை என்று முடிவெடுப்பார்கள். ஆசிரியர், நெறியாளர், மத்தளக்காரர் எல்லாம் அண்ணாவியார்தான். கூத்தின் ஏடும் கொப்பியும் அவர் வீட்டில்தான் இருக்கும். குரலும் உடற்கட்டும் பார்த்து அவர் ஆட்களைத் தெரிவார். ஆனால் குடும்ப மதிப்பும் சாதிப் படிநிலையும் அந்தத் தெரிவில் புகுந்துகொண்டன. அரச பாத்திரம் எல்லோருக்கும் எட்டக்கூடியதாக இருக்கவில்லை. கூத்தின் பெருமையைப் பேசும்போது இதை மறைப்பது நியாயமில்லை.

பிறகு நல்ல நாள் பார்த்துச் 'சட்டம் கொடுத்தல்' நடக்கும். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய பிரதி வெற்றிலையோடு கையளிக்கப்படும். வாங்கியவர் ஊருக்கு முன்னால் பொறுப்பேற்றுக்கொண்டவர் ஆகிறார். அன்று தொடங்கி, பகல் வேலை முடிந்த உடம்போடு இரவிரவாகப் பழக்கம். தாளத்துக்குக் கால் படிந்த பிறகுதான் பாட்டு.

வாரத்தில் ஓர் இரவு, அதுவரை பழகியதை ஊருக்கு ஆடிக் காட்டுவார்கள். இதற்குக் கிழமைக்கூத்து என்று பெயர். பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிறவர்கள் குறை நிறை சொல்வார்கள். போன தலைமுறையில் அதே பாத்திரத்தை ஆடியவர் எழுந்து வந்து அடி காட்டித் தருவார். அரங்கேற்றம் வருவதற்குள் பார்வையாளருக்கே பாட்டுகள் மனப்பாடமாகிவிடும். ஊர்க்கூத்தின் உயிர் இந்தக் கிழமை இரவுகளில்தான் இருந்தது. அரங்கேற்றம் அதன் விளைச்சல்.

கால் தேறியதும் சதங்கை அணி விழா. அடுத்து, உடுப்பில்லாமல் முழுக் கூத்தையும் ஓட்டிப் பார்க்கும் 'அடுக்குப் பார்த்தல்'. அரங்கேற்றத்துக்கான களரியை ஊராரே அமைப்பார்கள்: வெட்டவெளியில் மண்ணைச் சற்று உயர்த்தி வட்டமாக ஒரு மேடை, சுற்றிக் கம்பங்கள், மேலே வெள்ளை கட்டிய விதானம். மின்சாரம் இல்லாத காலத்தில் பந்தங்களும் எண்ணெய் விளக்குகளும், பிற்காலத்தில் பெற்றோமாக்ஸும் வெளிச்சம் தந்தன. நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். பக்கத்தில் தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும். ஆடுகிறவர் அவர்களைச் சுற்றி வருவார், ஊர் நாலு பக்கமும் இருந்து விடியும்வரை பார்க்கும். பெண் வேடமும் ஆண்களுக்கே. பெண்கள் கொடுத்த சேலையும் நகையும் களரிக்கு வந்தன, அவர்கள் வரவில்லை.

செலவுக்கு வீட்டுக்கு வீடு பணமாகவோ நெல்லாகவோ சேர்ப்பார்கள். அரங்கேற்றத்துக்குப் பிறகு வீடு வீடாகச் சென்று ஆடும் வழக்கமும் இருந்தது. வீட்டார் கொடுத்த அன்பளிப்பு அண்ணாவியாருக்கும் செலவுக்கும் உதவியது.

படித்த நகரத்தார் நெடுங்காலம் கூத்தை நாட்டுப்புற ஆட்டம் என்று ஒதுக்கினார்கள். 1956-இல் நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாட்டார் நாடக மரபிலிருந்து 'மனமே' நாடகத்தை உருவாக்கியது பலரையும் யோசிக்க வைத்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமங்களுக்குப் போனார், அண்ணாவியார்களைக் கௌரவித்தார், கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்தார். அவருடைய மாணவர்கள் 1962-இல் 'கர்ணன் போர்', 1964-இல் 'இராவணேசன்' ஆடினார்கள். மட்டக்களப்பில் பிறந்த சி. மௌனகுரு இராவணனாக நடித்தார். பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்து நூலாக்கினார். இந்தப் பல்கலைக்கழக மேடையேற்றங்களில், விடிய விடிய நடந்தது சில மணி நேரமாகச் சுருங்கியது; வட்டக்களரி ஒருபக்கம் பார்க்கும் மேடையானது. கூத்துக்கு மதிப்பு வந்தது உண்மை, அதற்கு வித்தியானந்தனுக்குப் பெரும் நன்றி உண்டு. ஆனால் கிழமைக்கூத்துக்கு அந்த மேடையில் இடமில்லை.

1980-களில் தொடங்கிய உள்நாட்டுப் போர்க்காலத்தில் இரவில் ஊர் கூடுவதே ஆபத்தானது. ஊரடங்கும் இடப்பெயர்வும் பழக்கத்தைக் குலைத்தன, இளைஞர்கள் சிதறினார்கள். ஆனாலும் கொஞ்சம் அமைதி கிடைத்த இடைவெளிகளில் பல ஊர்களில் மீண்டும் சட்டம் கொடுத்தார்கள்.

2000-களின் தொடக்கத்தில் சீலாமுனைக் கிராமத்தாருடன் சேர்ந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' குழுவினரும் கூத்து மீளுருவாக்கத்தைத் தொடங்கினார்கள். மேடைக்கு எடுத்துப் போகாமல் களரியிலேயே, அண்ணாவியாரோடும் ஆடுகிறவர்களோடும் உட்கார்ந்து பேசிப் பிரதியைத் திருத்தும் முறை அது. பெண்ணையும் ஒடுக்கப்பட்ட சாதியாரையும் இழிவாகக் காட்டும் இடங்கள் விவாதத்துக்கு வந்தன. சிறுவர்களுக்கான கூத்தும் பழக்கப்பட்டது.