கோயம்புத்தூர்: பஞ்சாலையும் பட்டறையும்

கோயம்புத்தூர், பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே நொய்யலாற்றை ஒட்டி அமைந்த தொழில் நகரம். பேச்சு வழக்கில் கோவை. 1866இல் நகராட்சியாகி, 1981இல் மாநகராட்சியானது. ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று பள்ளிப் பாடங்கள் சூட்டிய பட்டம் இந்நகருக்குப் பாதிதான் பொருந்தும். அது பஞ்சைச் சொல்லிவிட்டுப் பட்டறையை விட்டுவிடுகிறது. இன்று ஊருக்குச் சோறு போடுவதில் பெரும்பங்கு பட்டறையுடையது.

முதல் ஆலையைத் தொடங்கியவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர். 1858இல் இந்தியா வந்தவர். 1861இல் இங்கே காப்பிக்கொட்டை பதப்படுத்தும் தொழிலையும், அடுத்த ஆண்டே ஒரு பள்ளியையும் ஆரம்பித்தார். ஸ்டேன்ஸ் பள்ளி என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. 1888இல் எழுந்த கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்ஸை ஊரார் ‘ஸ்டேன்ஸ் மில்’ என்றே அழைத்தனர். அதன் பிறகு சுமார் இருபது ஆண்டுகள் பெரிய ஆலை எதுவும் வரவில்லை. 1910 வாக்கில் காளீஸ்வரா மில்லும், ஜி. குப்புசாமி நாயுடுவின் லட்சுமி மில்ஸும் தொடங்கின.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் காட்டிலிருந்துதான். கொங்கு நாட்டில் காடு என்றால் மேட்டுநிலம். கரிசல் மண்ணில் விளைந்த பருத்தியோடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா ரகமும் சேர்ந்தது. நீர் பாய்ச்சினால் நல்ல விளைச்சல் தரும் ரகம் அது. பருத்தி விளைவித்த குடும்பங்கள் ஜின்னிங் போட்டன. ஜின்னிங்கில் மீந்த பணத்தில் மில் எழுப்பின. வெளியூர் வங்கிகளைக் காட்டிலும் சொந்தபந்தங்களின் கைமாற்றை நம்பி வளர்ந்த தொழில் என்பதால், ஆலை முதலாளிகளின் குடும்ப வரலாறும் நகரத்தின் வரலாறும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன.

திருப்பம் 1932இல் வந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியதும், நிலக்கரி கொண்டுவர வேண்டிய தொல்லை நீங்கியது. பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் ஆலைகள் முளைத்தன. தென்னிந்திய ஆலை அதிபர்கள் சங்கம் 1933இல் கோவையில் அமைந்தது. மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்தே வீடுகளில் அடுப்பு மூட்டிய காலம் அது.

அதே மின்சாரம் கிணற்றுக்கும் போயிற்று. கோவை வட்டாரக் கிணறுகள் ஆழமானவை. மாடு பூட்டிக் கவலை இறைத்து மாளாது. மோட்டார் பம்புக்குச் சந்தை காத்திருந்தது. ஆலை இயந்திரங்களைப் பழுது பார்த்துக் கைதேர்ந்த பட்டறைக்காரர்களும் பவுண்டரிகளும் அதைப் பிடித்துக்கொண்டனர். 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று சொல்லப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நடத்தினார். 1955இல் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லில் மோட்டாரைப் பொருத்தி மாவரைக்கும் கிரைண்டரைச் செய்தார். ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ இப்போது புவிசார் குறியீடு பெற்ற பொருள். இட்லி மாவுக்காகப் பெண்கள் செலவிட்ட நேரத்தை இதுபோல் மிச்சப்படுத்திய கண்டுபிடிப்பு வேறில்லை என்றே சொல்லலாம்.

கல்வி நிறுவனங்களில் பீளமேட்டின் பி.எஸ்.ஜி. குடும்பத்துக்குத் தனியிடம் உண்டு. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்களும் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பாகமாக்கி, ஐந்தாவதை அறத்துக்கு ஒதுக்கினர். இவ்வாறு 1926இல் பிறந்த அறக்கட்டளைதான் 1947இல் கலைக் கல்லூரியையும் 1951இல் தொழில்நுட்பக் கல்லூரியையும் தொடங்கியது. கல்லூரியை வார்ப்படசாலையின் பக்கத்திலேயே வைத்து, மாணவனைப் பட்டறையில் நிற்கவைத்தது இதன் தனித்தன்மை. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஜி.ஆர். தாமோதரன், ‘கலைக்கதிர்’ என்ற அறிவியல் மாத இதழையும் தமிழில் நடத்தினார்.

ஜி.டி. நாயுடுவின் கல்லூரிக் கதை வேறு விதம். 1945இல் ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் தொடங்கிய பொறியியல் கல்லூரிக்கு நாயுடுவே முதல்வர். நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் வாதம். அரசு இசையவில்லை, அவர் விலகிவிட்டார். கல்லூரி தடாகம் சாலைக்குப் போய் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. அவினாசி சாலையில் பழைய இடம் மட்டும் இன்னும் ‘ஹோப் காலேஜ்’.

நகரத்தின் மேற்குப் பாதி ஆலைகளைச் சாராத வேறொரு மரபைச் சேர்ந்தது. காஸ் வன அருங்காட்சியகம் (1902), வேளாண் கல்லூரி, 1912இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையம் எல்லாம் அங்கேதான். டி.எஸ். வெங்கடராமன் உள்ளிட்டோர் இங்கே உருவாக்கிய கரும்பு ரகங்கள் ‘கோ’ என்ற ஊர்ப்பெயரின் முதலெழுத்தோடு பஞ்சாப் வரை பரவின. பிளேக் நோய்க்கு அஞ்சி மக்கள் ஓடிய நாள்களின் அடையாளமாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் நிற்கின்றன. நகரம் விரிந்தபோது எழுந்த ஆர்.எஸ். புரம், நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்குகிறது.

கேளிக்கையிலும் கோவை முந்திக்கொண்டது. ரயில்வே ஊழியராக இருந்து, 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார். அந்தச் சாலைக்கே அதன் பெயர்தான். பின்னாளில் சென்ட்ரல் ஸ்டுடியோவும், எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜாவும் வந்தன. ‘மலைக்கள்ளன்’ (1954) பட்சிராஜாவின் படம்.

தொழிலாளர் வரலாற்றுக்கு இத்தனை கட்டடங்கள் இல்லை. லைன் வீடுகளில் குடியிருந்து ஷிப்டுக்குப் போனவர்களின் பெயர்களைச் சங்க ஆவணங்களிலும் வழக்குக் கட்டுகளிலும்தான் தேட வேண்டியிருக்கிறது. 1940களில் சங்கம் கட்டியபோது நடந்த மோதல்களில் ஓர் அடியாள் கொல்லப்பட்ட வழக்கில், ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்களான ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நால்வருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1946 ஜனவரி 8 அன்று கோவை மத்திய சிறையில் தூக்கிலிட்டனர். வ.உ.சி. செக்கிழுத்ததும் இதே சிறையில்தான்.

பழைய ஆலைகள் பல 1970களில் நலிந்து தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கைக்குச் சென்றன. அவை 2020 பொதுமுடக்கத்தின்போது நிறுத்தப்பட்டன. லட்சுமி மில்ஸ் வளாகத்தில் 2023 முதல் ஒரு பேரங்காடி நடக்கிறது. பேருந்து நிறுத்தம் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது. தூக்கிலிடப்பட்ட நால்வரின் நினைவிடம் சின்னியம்பாளையத்தில் உள்ளது. ஆண்டுதோறும் ஜனவரி 8 அன்று தொழிற்சங்கத்தினர் அங்கே கூடுகின்றனர். அந்த நால்வரும் வேலை பார்த்த ரங்கவிலாஸும் நின்றுபோன ஆலைகளில் ஒன்று.