தாமிரபரணிப் படுகொலைச் சாட்சியங்கள்

1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கொக்கிரகுளத்தில், ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க வந்த பேரணியைக் காவல்துறை தடியடி நடத்திக் கலைத்தது. அருகில் ஓடும் தாமிரபரணியில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் இறந்தனர். இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் அவர்களில் அடக்கம். உயிர் தப்பியவர்களும் நேரில் கண்டவர்களும் சொன்னவையும், அன்று எடுக்கப்பட்ட படங்களுமே இந்நிகழ்வின் சாட்சியங்கள்.

பேரணியின் வேர் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் பாம்பே பர்மா நிறுவனம் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து உள்ளிட்ட தேயிலைத் தோட்டங்களை நடத்தியது. கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர்களில் 600க்கும் மேற்பட்டோர் சிறையில் இருந்தனர். அவர்களை விடுவிக்கக் கோரியே புதிய தமிழகம், தமிழ் மாநில காங்கிரஸ், இடதுசாரிக் கட்சிகள் திரண்டு வந்தன. தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்கள் பேச ஆரம்பித்தால் லைன் எனப்படும் வரிசை வீடு, பறித்த கொழுந்தின் எடை, கூலி என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆற்றங்கரைக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும் வாசகருக்கு, அவர்கள் எதற்காக மலையிறங்கி வந்தார்கள் என்பதே தெரியாமல் போகும்.

அரசு அமைத்த நீதிபதி மோகன் ஆணையம் காவல்துறையின் நடவடிக்கை சரியே என்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கியதாகவும் பதிவு செய்தது. மூழ்கினார்கள் என்பது மருத்துவக் காரணம். நீந்தத் தெரியாதவரும் ஏன் ஆற்றில் குதித்தார் என்பதற்கு அதில் பதில் இல்லை. பின்னால் தடி, முன்னால் தண்ணீர், கரையேற வந்தவர்மேலும் அடி என்று பிழைத்தவர்கள் சொல்கிறார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படம் இக்குரல்களைத் தொகுத்துத் தந்தது. ஆணைய அறிக்கையையும் ஆவணப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. உயிருக்கு ஓடியவர் நேரத்தையோ ஆள்கணக்கையோ மாற்றிச் சொல்லலாம்; அதை வைத்து அவர் பட்ட அடியைப் பொய்யென்று தள்ளுவது குறுக்கு விசாரணைப் புத்தி.

நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட பிரிமோ லெவி, தப்பித்தவர் முழுச் சாட்சி அல்லர், அடிவரை போனவர் திரும்புவதில்லை என்று 1986இல் வெளியான நூலில் வாதிட்டார். தாமிரபரணிக்கும் இது பொருந்தும். கரையேறியவர் “அதுக்கப்புறம் நான் பாக்கல” என்று நிறுத்தும் இடத்தில் வாசகரும் நிற்க வேண்டும். மாரி செல்வராஜின் ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ சிறுகதைத் தொகுப்பு. அந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பப் புனைவுக்கு உள்ள உரிமை சாட்சியத்தைப் படிப்பவருக்குக் கிடையாது.

ஆண்டுதோறும் ஜூலை 23இல் கட்சிகளும் அமைப்புகளும் ஆற்றில் மலர் தூவுகின்றன. மேடைப் பேச்சில் 17 என்ற எண் ஒலிக்கும் அளவுக்குத் தொழிலாளர் சொன்ன விவரம் ஒலிப்பதில்லை. அந்த விவரத்தைச் சொல்பவர்களும் இப்போது சிதறிவிட்டார்கள்: 2024இல் பாம்பே பர்மா நிறுவனம் தோட்டப் பணிகளை நிறுத்தி விருப்ப ஓய்வு அளிக்க, தலைமுறைகளாக மலையில் இருந்த குடும்பங்கள் சமவெளிக்கு இறங்கத் தொடங்கின. ஒரே லைனில் குடியிருந்து ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தியவர்கள் இனி வெவ்வேறு ஊர்க்காரர்கள். இனி எடுக்கும் பதிவுகளில் யார், எந்த ஆண்டில், எங்கிருந்து சொன்னார் என்ற குறிப்பு இருந்தால்தான் பழைய வாக்குமூலங்களோடு ஒப்பிட முடியும்.