குடந்தையில் கேட்கப்பட்ட ஒரு வினா

நம் வட்டத்தின் மாதக் கூட்டங்களில் முதல் அரைமணி நேரம், ‘இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்னும் வினாவுக்கு உரியது. பத்தாண்டுகளாக இவ்வழக்கம் தவறவில்லை. நான் முதன்முறை வந்த அன்று, முனைவர் பட்டம் பெற்ற மிடுக்கோடு ஒன்பது நூல்களின் பெயர்களை அடுக்கினேன். மூத்த உறுப்பினர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இவற்றுள் எந்த நூல் அம்மா உங்களை உறங்க விடவில்லை?” என்றார். விடை சொல்ல இயலவில்லை. அன்றிரவு வீடு திரும்பியதும் நான் எடுத்துப் புரட்டியது உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. இதே போன்றதொரு நாணத்தோடு அவரும் ஒருநாள் நின்றார் என்பது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

அந்த நாள் 1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து ஓராண்டுகூட நிறைவுறாத இருபத்தைந்து வயது இளைஞர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவருக்கு விடையில் என்ன குறை? அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ் நூல்கள், புராணங்கள் என்று பட்டியல் நீண்டது. முதலியாரின் முகத்தில் வியப்பில்லை. இவற்றால் என்ன பயன் என்றே கேட்டார்; சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்றும் கேட்டார். இவர் அவற்றைக் கண்ணாலும் கண்டதில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, தமிழ் நாடே தாத்தா என்று போற்றிய முதுமையில், அந்தத் தலைகுனிவை மறையாமல் எழுதினார் என்பதை நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன்.

பின்னர் முதலியார் சிந்தாமணியின் கடிதப்பிரதி ஒன்றைத் தந்தார். அத்தோடு நின்றுவிடாமல் தாமும் உடனிருந்து அதைப் பாடம் கேட்டார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. நூலைக் கொடுப்போர் பலர். கொடுத்த பின் உடன் அமர்ந்து படிப்போர் சிலரே.

பதிப்பு வரலாறு எழுதுவோர் கறையானையும் ஆடிப்பெருக்கில் விடப்பட்ட ஏடுகளையும் சொல்லி முடித்துவிடுகின்றனர். (நானும் வகுப்பில் பல ஆண்டுகள் அப்படியே சொல்லி வந்தேன்.) சிந்தாமணியைப் பொறுத்தவரையில் ஏடு கிடைத்த பின்னரே உண்மையான இடர் தொடங்கிற்று. யாப்பும் அணியும் கைவந்தவருக்குப் பாட்டின் உள்ளே ஓடிய சமணக் கோட்பாடுகள் எட்டவில்லை. நூலின் தொடக்கத்திலேயே சித்தரையும் அருகரையும் வாழ்த்தும் பாடல்கள் நிற்கின்றன. சைவச் சூழலில் வளர்ந்தவருக்கு அவ்வணக்கத்தின் முறை எப்படி விளங்கும்? நச்சினார்க்கினியர் உரையும் போதவில்லை. அவ்வுரையாசிரியரே முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்க மறுத்ததாகவும், அதன்பின் அவர் சமண நூல்களைப் பயின்று மீண்டும் எழுதினார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அது உண்மையோ அன்றோ, சாமிநாதையருக்கு நேர்ந்தது அதற்கு மிக நெருங்கியதே.

கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் வாழ்கின்றன என அறிந்து, சந்திரநாத செட்டியார் என்பவரின் இல்லத்துக்கு அவர் சென்றார். வாயிலில் கோலமும் தோரணமுமாக விழாக்கோலம். என்ன விசேடம் என்று கேட்டபோதுதான் செய்தி வெளிப்பட்டது: அவ்வீட்டில் தொடர்ந்து நடந்துவந்த சிந்தாமணிப் படிப்பு நிறைவுற்றதற்காக எடுத்த விழா அது. வீடூர் அப்பாசாமி நயினார் பொருள் சொல்ல, மற்றவர்கள் கேட்டு வந்திருக்கின்றனர். வழக்கொழிந்தது என்று புலவருலகம் கருதிய காப்பியம், அதே ஊரில் கூடத்தில் அமர்ந்து கேட்கப்படும் வாழ்வு நூலாக இருந்திருக்கிறது. அவர்கள் பதிப்பாளரும் அல்லர், கல்லூரி ஆசிரியரும் அல்லர். அவர்களிடம் போய் எனக்கு இது விளங்கவில்லை என்று சொல்ல ஒரு கல்லூரித் தமிழாசிரியருக்கு மனம் வேண்டும். அவருக்கு அது இருந்தது. சமயப் பொருள் அவர்களிடம். இலக்கண இலக்கியப் பயிற்சி இவரிடம். வினாவும் விடையுமாகப் பல நாள் நடந்த அந்த உரையாடல் இன்றிச் சீவக சிந்தாமணி 1887இல் இன்றுள்ள தெளிவோடு அச்சேறியிராது என்பது என் துணிபு.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கவிஞர் பலர் நிறைந்த நம் அவையில், படித்த நூலைப் பற்றிய கருத்து பெரும்பாலும் பாராட்டாகவோ மறுப்பாகவோ முடிந்துவிடுகிறது. விளங்காத இடத்தை எடுத்து நடுவே வைப்பவர் அரியர். அந்த முதற் கூட்டத்துக்குப் பின் நானும் ஓராண்டு வரை விளங்கிய இடங்களை மட்டுமே பேசினேன்.

மணிமேகலையின் வரலாறு வேறு. முதலியார் 1880இல் ஒரே மூச்சில் கேட்ட மூன்று நூல்களுள் சிந்தாமணி ஏழாண்டுகளில் வந்தது. சிலப்பதிகாரம் 1892இல் வந்தது. மணிமேகலைக்கோ 1898 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சிந்தாமணிக்குச் சந்திரநாத செட்டியார் வீட்டுக் கூடம் கிடைத்ததுபோல், மணிமேகலையைத் தம் சமய நூலாகப் படித்துவந்த பௌத்தக் குடும்பம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. புத்த சமயக் கருத்துகளை அவர் மளூர் ரங்காசாரியரிடம் கேட்டுத் தெளிந்தார். ரங்காசாரியரோ அச்சமயம் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த நூல்களையும் படித்துப் பார்த்து விளக்கினார். காவிரிப்பூம்பட்டினத்திலும் காஞ்சியிலும் நிகழும் ஒரு தமிழ்க் கதையின் பொருள், இப்படிக் கடல் கடந்து சுற்றி வந்து சேர்ந்தது.