கைராசிக்குக் கணக்கு கேட்ட டாக்டர்

பெரிய ஆபரேஷன் என்றால் நோயாளியை எங்கே அனுப்புவது? பழகிய டாக்டர், நல்ல பெயர், கைராசி. காலங்காலமாக இவற்றை நம்பித்தான் அனுப்பிவந்தார்கள். அந்தப் பெயருக்கு ஆதாரம் என்ன என்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் கேட்டார். அவர் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவர்.

ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் ஓர் அட்டை வைத்திருந்தார். என்ன தொல்லையோடு வந்தார், என்ன நோய் என்று கணித்தார்கள், என்ன ஆபரேஷன், இடையில் என்ன சிக்கல் வந்தது என எல்லாம் அதில் ஏறும். ஓராண்டு கழித்து அதே ஆளைத் தேடிப்பிடித்து, குணமானாரா என்று பார்த்து எழுதுவார். குணமாகவில்லையென்றால் அதற்குக் காரணம் கணிப்பா, கத்தி பிடித்தவரா, நோயின் கடுமையா என்பதும் பதிவாகும். 1911இல் தானே ஒரு சிறு மருத்துவமனை தொடங்கினார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 பேரின் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார். அதில் 123 தவறுகளை அவரே பட்டியலிட்டிருந்தார். அந்தத் துணிச்சல் இன்றைக்கும் அபூர்வம்தான்.

சக மருத்துவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1915 ஜனவரியில் ஒரு கூட்டத்தில், பாஸ்டனின் பணக்காரர்களை மணலில் தலை புதைத்து, டாக்டர்களுக்குப் பொன்முட்டையிடும் தீக்கோழியாக வரைந்த பெரிய கேலிச்சித்திரத்தைக் காட்மன் திறந்துகாட்டினார். இதனால் உள்ளூர் மருத்துவ சங்கத்தில் அவர் வகித்த தலைமைப் பொறுப்பு பறிபோனது.

ஆனாலும் அவர் கேட்ட கேள்வி அடங்கவில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு, 100 படுக்கையும் அதற்கு மேலும் உள்ள 692 மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்தது. தேறியவை வெறும் 89. 1919இல் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் எண்ணிக்கையை மட்டும் அறிவித்தார்கள். எது தேறியது, எது தேறவில்லை என்ற பட்டியல், பத்திரிகைகள் கையில் சிக்காதபடி அந்த ஓட்டலின் உலையிலேயே எரிக்கப்பட்டது. எந்த வாசலை மிதிக்கலாம் என்று நோயாளிக்குச் சொல்லியிருக்க வேண்டிய தாள் அது.

அறுபது ஆண்டு கழித்து, 1979இல், ஆய்வாளர் ஹரால்ட் லஃப்டும் அவரது கூட்டாளிகளும் 1,498 மருத்துவமனைகளின் கணக்கைப் புரட்டினார்கள். இதய அறுவை போன்ற சில சிகிச்சைகளை ஆண்டுக்கு 200க்குக் குறையாமல் செய்த இடங்களில், இறப்பு 25 முதல் 41 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. 1990இல் நியூயார்க் மாநிலம் பைபாஸ் அறுவையின் இறப்பு விகிதத்தை மருத்துவமனைவாரியாக வெளியிட்டது. நோய் முற்றியவர்களை ஏற்கும் இடம் கெட்ட பெயர் வாங்கக் கூடாதே என்று, நோயின் கடுமையையும் கணக்கில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு 'நியூஸ்டே' நாளிதழ் வழக்குப் போட்டு, டாக்டர்வாரியான விவரத்தையும் வாங்கிவிட்டது.

விவரம் வந்தும் பழக்கம் மாறவில்லை. அதே வகை அறிக்கை வெளியான பென்சில்வேனியாவில் இதய மருத்துவர்களைக் கேட்டபோது, நோயாளியை எங்கே அனுப்புவது என்ற முடிவில் அதற்குப் பங்கே இல்லை, இருந்தாலும் மிகக் குறைவு என்று 87 விழுக்காட்டினர் சொன்னார்கள். இந்த ஆய்வு 1996இல் வெளியானது.

ஆகவே கேட்க வேண்டியது நோயாளியும் குடும்பமும்தான். ஆபரேஷனுக்குச் சீட்டு எழுதும் டாக்டரிடம், அந்த மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் ஆண்டுக்கு எத்தனை நடக்கிறது, எத்தனை பேர் நலமாகத் திரும்பினார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.