மூன்று கார்டுகளின் பொதுச்சொத்து: கன்ட்ரி இசையிலிருந்து பாப் வரை

அமெரிக்கக் கன்ட்ரி இசையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கார்டுகளின், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகளின், எண்ணிக்கையில் வந்து நிற்கும். மூன்று கார்டுகளும் உண்மையும் இருந்தால் அந்த இசைக்குப் போதும் என்ற வரையறை, பாடலாசிரியர் ஹார்லன் ஹோவர்டின் பெயரால் இன்றும் வழங்குகிறது. இதைப் பாராட்டாகச் சொல்பவர்கள் எளிமையைப் போற்றுகிறார்கள். குறையாகச் சொல்பவர்கள் கற்பனை வறட்சியைச் சுட்டுகிறார்கள். கார்ட் வரிசை என்பது தனியொரு இசையமைப்பாளரின் தேர்வு என்று இரு தரப்பும் எடுத்துக்கொள்கின்றன. வரலாற்றுச் சான்றுகள் வேறு முடிவுக்கு இட்டுச்செல்கின்றன. பலர் கூடிப் பாடவும் வாசிக்கவும் வேண்டியிருந்த சூழல்களில் இந்த வரிசைகள் பொதுச்சொத்தாக உருவாயின. எந்தக் கார்டுகள் வருகின்றன என்பதைக் காட்டிலும் அவை எங்கே முடிகின்றன என்பதில்தான் கடந்த நூறாண்டின் பெரிய மாற்றம் அடங்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அமைப்பைப் பார்க்கலாம். மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களும் நம் சங்கராபரணத்தின் சுரங்களே. அவற்றில் முதலாவது, நான்காவது, ஐந்தாவது சுரங்களின் மேல் எழுப்பப்படும் கார்டுகளை 1, 4, 5 என்று குறிக்கலாம். 1 என்பது ச-க-ப. 4 என்பது ம-த-ச. 5 என்பது ப-நி-ரி. மூன்றையும் சேர்த்தால் ஏழு சுரங்களும் வந்துவிடுகின்றன. ஆகவே, ஸ்கேலைவிட்டு வெளியே போகாத எந்த மெட்டுக்கும் இந்த மூன்றைக் கொண்டே துணை கொடுத்துவிட முடியும். மேலும், 5-இல் உள்ள நிஷாதம் ஷட்ஜத்தை நோக்கி இழுக்கிறது. அதனால் 5-இலிருந்து 1-க்குத் திரும்பும்போது, வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது போன்ற நிறைவு காதுக்குக் கிடைக்கிறது. தேவாலயத்தில் கூடிப் பாடும் சபைக்கு இது மிகவும் ஏற்றது. அடி எங்கே முடிகிறது என்பதை இசைப்பயிற்சி இல்லாதவரும் உணர்ந்துகொள்வார்.

சபைகளில் ஊறிய இந்தப் பழக்கம் இசைத்தட்டுக்கு வந்த வரலாற்றில் 1927 முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு ஜூலை இறுதியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பீர், டென்னசி மாநிலத்து பிரிஸ்டல் நகரில் ஒலிப்பதிவு நடத்தினார். கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானது அங்கேதான். சாரா கார்ட்டர் வாசித்த ஆட்டோஹார்ப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால், அந்தக் கார்டுக்கு வேண்டாத தந்திகள் ஒலிக்காமல் அடங்கிவிடும். கருவியின் அமைப்பே கார்டுகளை ஆயத்தமாகக் கையில் கொடுத்தது. ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாடல் சேகரித்தபோது, கறுப்பினக் கிட்டார் கலைஞர் லெஸ்லி ரிடில் உடன் சென்று மெட்டுகளை நினைவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ராட்ஜர்ஸோ அதே 1927 நவம்பரில் பதிவான தம் முதல் ‘புளூ யோடல்’ பாடலைக் கறுப்பின மக்களின் 12 பார் (தாள அளவு) கொண்ட புளூஸ் அமைப்பில் பாடினார். அதிலும் அதே மூன்று கார்டுகள்தாம்: முதல் நான்கு பார்களுக்கு 1, அடுத்த இரண்டுக்கு 4, மீண்டும் இரண்டுக்கு 1, கடைசி நான்கில் 5 வந்து 1-இல் முடிவு. தேவாலயப் பாடலும் புளூஸும் வெவ்வேறு வழிகளில் வந்து ஒரே சட்டகத்தில் சந்தித்தன.

அந்தச் சட்டகம் எவ்வளவு பொதுவானது என்பதற்கு நான்கு பாடல்கள் சான்று. கார்ட்டர் குடும்பத்தின் ‘ஐம் திங்கிங் டுநைட் ஆஃப் மை புளூ ஐஸ்’, ராய் அகஃபின் ‘தி கிரேட் ஸ்பெக்கில்டு பேர்ட்’, ஹாங்க் தாம்ப்ஸனின் ‘தி வைல்டு சைட் ஆஃப் லைஃப்’, அதற்கு 1952-இல் கிட்டி வெல்ஸ் கொடுத்த பதிற்பாட்டு ஆகியவை ஏறத்தாழ ஒரே மெட்டு, வரிசையும் 1-4-5-1. முதலாவது காதல் ஏக்கம், இரண்டாவது பக்தி, மூன்றாவது ஓர் ஆணின் குற்றச்சாட்டு, நான்காவது ஒரு பெண்ணின் மறுமொழி. கேட்பவருக்கு ஏற்கெனவே பழகிய மெட்டில் வந்ததாலேயே வெல்ஸின் மறுப்பு நேராகச் சென்று தைத்தது. பொதுவான அமைப்பு கவனத்தைச் சொல்லின் மீது திருப்பியது.

1950-களின் இறுதியில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்கள் இந்தப் பொதுமையை ஒரு தொழில்முறையாகவே மாற்றின. மூன்று மணி நேர அமர்வில் மூன்று, நான்கு பாடல்களை முடிக்க வேண்டும். பாடகரின் குரலுக்கேற்பச் சுருதி கடைசி நிமிடத்திலும் மாறலாம். ஜோர்டனயர்ஸ் குழுவின் நீல் மாத்யூஸ் கார்டுகளைப் பெயரால் எழுதாமல் எண்ணால் எழுதும் முறையை உருவாக்கினார்; சார்லி மெக்காய் முதலியோர் அதை வாத்தியக் கலைஞர்களிடையே பரப்பினர். சுருதி மாறினால் கார்டின் பெயர் மாறும், எண் மாறாது. ஒரே தாளை வைத்துக்கொண்டு எந்தச் சுருதியிலும் வாசித்துவிடலாம்.

பாப் இசையில் நடந்தது இதன் அடுத்த கட்டம். 1950-களின் குழுப் பாடகர்கள் ஆறாவது சுரத்தின் மேல் எழும் 6-ஐச் சேர்த்து 1-6-4-5 என்று பாடினார்கள். பென் ஈ. கிங்கின் ‘ஸ்டாண்ட் பை மீ’ (1961) இந்த வரிசையையே திரும்பத் திரும்பச் சொன்னாலும், ஒவ்வொரு சுற்றும் 5-இலிருந்து 1-க்கு வந்து நிறைவடைகிறது. 1-5-6-4 என்ற வரிசையோ வேறுவகை. இதில் 5 வந்ததும் காது 1-ஐ எதிர்பார்க்க, த-ச-க ஆகிய 6 வந்து நிற்கிறது. கடைசியில் வரும் 4-இல் நிஷாதமே இல்லை. எனவே மீண்டும் 1 வரும்போது அது முடிவாக ஒலிப்பதில்லை, அடுத்த சுற்றின் தொடக்கமாகவே ஒலிக்கிறது. ஜான் டென்வரின் ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ (1971) பல்லவி 1-5-6-4 என்று தொடங்கினாலும் 1-5-4-1 என்று வீடு வந்து சேர்கிறது. யு2 குழுவின் ‘வித் ஆர் விதவுட் யூ’ (1987) அதே நான்கு கார்டுகளைப் பாடல் முழுக்கச் சுழலவிடுகிறது. ஒன்று கன்ட்ரியின் முடிவுள்ள வரிசை. மற்றது பாப்பின் முடிவில்லாச் சுழல்.

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். கன்ட்ரி இசை எல்லாமே மூன்று கார்டுகளில் அடங்காது என்பது முதலாவது. உண்மைதான், வில்லி நெல்சன் எழுதி 1961-இல் பாட்சி கிளைன் பாடிய ‘கிரேஸி’ ஜாஸ் சாயல் கொண்ட செழிப்பான கார்டுகளில் நடக்கிறது. ஆனால் மூன்று கார்டுகளைத் தாண்டும் வல்லமை அங்கே இருந்தது என்பதையே அது நிறுவுகிறது. மற்ற பாடல்களின் எளிமை இயலாமையால் வந்ததல்ல. இரண்டாவது, சுழல் வரிசை இசையின் வீழ்ச்சி என்பது. கார்டுகள் நிலைத்துவிட்டால் வளர்ச்சி வேறிடத்துக்குப் பெயர்கிறது. யு2 பாடலில் ஒலியடுக்குகளும் குரலின் உக்கிரமும் சிறுகச் சிறுக ஏறுவதுதான் நாடகம். 1962-இல் ரே சார்ல்ஸ், டான் கிப்ஸன் எழுதிய கன்ட்ரிப் பாடலைக் கோரஸும் தந்திவாத்தியங்களும் சேர்த்துப் பாடி பாப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுசென்றார். எளிய சட்டகம் இடந்தந்ததால்தான் இன்னொரு மரபின் குரல் அதற்குள் இயல்பாகக் குடியேற முடிந்தது.

2023 மே மாதம் நியூயார்க் நடுவர் குழு, எட் ஷீரனின் ‘திங்கிங் அவுட் லவுட்’, மார்வின் கேயின் ‘லெட்ஸ் கெட் இட் ஆன்’ பாடலின் உரிமையை மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. வழக்கின் மையத்தில் இருந்தது இரு பாடல்களிலும் ஒத்திருந்த ஒரு கார்ட் வரிசை. இத்தகைய வரிசைகள் எல்லாருக்கும் பொதுவானவை என்பதே ஷீரன் தரப்பின் வாதம். இங்கே தொகுத்த வரலாறும் அந்த வாதத்தின் பக்கமே நிற்கிறது. சபையும் ஆட்டோஹார்ப்பும் புளூஸ் கலைஞர்களும் நாஷ்வில் கூடங்களும் சேர்ந்து உருவாக்கிய ஒன்றை யாரும் தனிச்சொத்தாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. ஒரு பாடலின் தகுதியை அறிய, அது எத்தனை கார்டுகளைக் கொண்டது என்று எண்ணுவது பயனற்ற வேலை. பொதுவான வரிசையை அது எங்கே முடிக்கிறது, எங்கே முடிக்க மறுக்கிறது, அந்த முடிவால் சொல்லுக்கு என்ன வலு சேர்கிறது என்பவையே ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்விகள்.