தாத்தா பாட்டிக்கு ஓர் அறை: சிங்கப்பூர் வீடுகள் சொல்லும் வரலாறு

புதுவீடு திட்டமிடும்போது முதலில் எழும் கேள்வி, "எத்தனை அறை?" என்பதுதான். கணவன் மனைவிக்கு ஓர் அறை, மகனுக்கு ஓர் அறை, மகளுக்கு ஓர் அறை என்று கணக்கு முடிந்துவிடுகிறது. ஊரிலிருந்தோ அடுத்த பேட்டையிலிருந்தோ தாத்தா பாட்டி வந்தால் எங்கே தங்குவார்கள் என்பது கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது. வந்தவர்கள் கூடத்தில் மெத்தை விரித்துப் படுக்கிறார்கள். விடியற்காலையில், பேரப்பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன், அதைச் சுருட்டிச் சோபாவின் பின்னால் வைத்துவிடுகிறார்கள்.

இதற்குப் பிள்ளைகளின் மனத்தை மட்டும் குறை சொல்வது எளிது. ஆனால் மனம் இருந்தும் இடம் இல்லாத வீடுகள் ஏராளம். பெரியவர்களுக்கு வீட்டில் எங்கே இடம் என்ற கேள்விக்கு, சிங்கப்பூரில் அரசாங்கமும் குடும்பங்களும் 60 ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வந்திருக்கின்றன.

வளரத் தெரிந்த வீடு

அடுக்குமாடிகள் வருவதற்கு முன் பலரும் வாழ்ந்தது கம்பத்து வீடுகளில். பலகைச் சுவர், அத்தாப்பு அல்லது தகரக் கூரை. வெள்ளம் வந்தால் தொல்லை, தீப்பிடித்தால் பேராபத்து. குழாய்த் தண்ணீரும் கழிப்பறை வசதியும் குறைவு. அந்த வாழ்க்கையை இன்று பொன்னுலகம் போல் பேசுவது உண்மைக்குப் பொருந்தாது.

ஆனாலும் அந்த வீட்டுக்கு ஒரு குணம் இருந்தது. அது குடும்பத்தோடு சேர்ந்து வளரும். மகனுக்குத் திருமணமானால் பக்கவாட்டில் ஓர் அறை இழுத்துக் கட்டப்படும். பெரியவருக்கு நடக்க முடியாமல் போனால் வாசலை ஒட்டிக் கட்டில் போடப்படும். தமிழ்நாட்டு வீட்டுத் திண்ணை செய்த வேலையைக் கம்பத்து வீட்டின் முன்தாழ்வாரம் செய்தது. தெருவில் போகிறவரோடு பேசிக்கொண்டும் விளையாடும் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டும் முதியவர் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

தமிழ்த் தொழிலாளர்கள் பலருக்கு அந்த வசதியும் வாய்க்கவில்லை. துறைமுகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் வேலை செய்தவர்களில் பலர் குவார்ட்டர்ஸ்களில் தங்கினர். தாய் தந்தையர் கடலுக்கு அப்பால் இருந்தனர். 1926ஆம் ஆண்டு முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பல், சென்னை, நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூரையும் இணைத்தது. தாத்தா பாட்டி என்பவர்கள் கடிதத்திலும் புகைப்படத்திலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அமையும் பயணத்திலும் மட்டுமே இருந்த குடும்பங்கள் அன்று நிறைய. பெரியவர்களை விருந்தாளிகளாகவே அறிந்த வழக்கம், தமிழர்களில் ஒரு பகுதியினருக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

அறைக்கணக்கில் வந்த வாழ்வு

1960 பிப்ரவரி 1ஆம் தேதி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் உருவானது. குவீன்ஸ்டவுன் ஸ்டெர்லிங் ரோட்டில் அதன் முதல் புளோக்குகள் எழுந்தன. 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. வேகமாகக் கட்டியே தீரவேண்டிய நெருக்கடி. முதல் ஐந்தாண்டுகளில் மட்டும் 50,000க்கும் அதிகமான வீடுகள் கட்டப்பட்டன. தலைக்கு மேல் பாதுகாப்பான கூரை, குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் ஆகியவை அன்றைய மக்களுக்குப் பெரும் பேறு.

அவசரத் தேவைக்காகக் கட்டப்பட்ட தொடக்ககால வீடுகள் ஓரறை, ஈரறை, மூவறை வீடுகளாக இருந்தன. 1964ல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேம நிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்க முடிந்தது. வாடகைக்கு இருந்தவர்கள் உரிமையாளர்களானார்கள்.

இந்த மாற்றத்தில் ஒன்று பலர் கண்ணில் படாமல் நடந்தது. கம்பத்தில் ஒரே கூரையின்கீழ் மூன்று நான்கு தம்பதிகள் இருந்தனர். கழக வீட்டுக்கான விண்ணப்பமோ கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒரு வீடு காலியானபோது அண்ணன் ஒரு பேட்டைக்கும் தம்பி இன்னொரு பேட்டைக்கும் போனார்கள். அப்பா அம்மா யாரோடு என்ற கேள்வி பல வீடுகளில் முதன்முறையாக எழுந்தது. "மூத்தவன் வீட்டில் மூன்று மாதம், இளையவள் வீட்டில் மூன்று மாதம்" என்று முறைவைத்துத் தங்கும் பழக்கம் பரவியது. கான்கிரீட் வீட்டில் பக்கவாட்டில் அறை இழுக்க முடியாது. ஒன்பதாவது மாடியில் தாழ்வாரம் போட முடியாது.

மின்தூக்கி நிற்காத மாடி

அறை இல்லாதது ஒரு சிக்கல் என்றால், அறை வரை போய்ச் சேர்வது இன்னொரு சிக்கல். செலவைக் குறைப்பதற்காகப் பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்கவில்லை. குறிப்பிட்ட சில மாடிகளில் இறங்கி, அங்கிருந்து படியேறியோ படியிறங்கியோ வீட்டுக்குப் போகவேண்டும். முப்பது வயதில் அது ஒன்றுமில்லை. எழுபது வயதில், மூட்டுவலியோடு, கையில் பேரனுக்கான பலகாரப் பையோடு ஏறும்போதுதான் ஒவ்வொரு படியும் தெரியும்.

அந்தக்கால வீடுகளில் கழிப்பறையும் குளியலறையும் பெரும்பாலும் அடுக்களையை ஒட்டிப் பின்புறத்தில் இருந்தன. கூடத்தில் படுத்திருக்கும் பாட்டி இரவில் வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருட்டில் நடக்கவேண்டும். உட்கார்ந்து எழ வேண்டிய தரைக் கழிப்பறை, வழுக்கும் தளம், வாசற்படியின் உயரம் ஆகியவை பெரியவர்களின் வருகையைக் குறைத்தன. "வந்தால் உங்களுக்குத்தான் சிரமம்" என்று அவர்கள் சொன்னதன் பொருள் பல வேளைகளில் "எனக்குச் சிரமம்" என்பதே.

2001ல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பழைய புளோக்குகளில் மாடிதோறும் மின்தூக்கி நிற்கத் தொடங்கியது. 2012ல், முதியோருள்ள வீடுகளில் கைப்பிடிகள் பொருத்தவும் குளியலறைத் தளம் வழுக்காமல் இருக்கச் செய்யவும் சாய்தளம் அமைக்கவும் மானியத் திட்டம் வந்தது. தாத்தாவுக்கு வீட்டுக்குள் இடம் ஒதுக்குவதற்கு முன், அவர் வாசல்வரை வர வழி செய்யவேண்டியிருந்தது.

ஒட்டிய வீடு

1970களின் பிற்பகுதியிலேயே குடும்பங்கள் பிரிவது பற்றிய கவலை கொள்கை வகுப்பாளர்களிடம் தெரிந்தது. பெற்றோரும் மணமான பிள்ளைகளும் அருகருகே வீடு பெறக் கூட்டாக விண்ணப்பிக்கும் வாய்ப்பு 1978ல் கிடைத்தது. 1982ல் பல தலைமுறைக் குடும்பங்களுக்கு முன்னுரிமை தரும் திட்டம் வந்தது. 1984ல், அப்போதைய சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழு முதியோர் பிரச்சினைகள் பற்றி அறிக்கை வெளியிட்டது. சேம நிதியை எடுக்கும் வயதை உயர்த்தும் பரிந்துரைக்காகவே அந்த அறிக்கை அதிகம் பேசப்பட்டது. முதுமை என்பது நாடு எதிர்கொள்ளவேண்டிய ஒன்று என்பதை அது எல்லாருக்கும் உணர்த்தியது.

அந்தப் பத்தாண்டில்தான் ஒரு துணிச்சலான வீட்டமைப்பு முயன்று பார்க்கப்பட்டது. பிஷான், தெம்பனிஸ், ஈசூன் ஆகிய பேட்டைகளில், பெரிய வீட்டோடு ஒரு சிறு வீட்டை ஒட்டிக் கட்டினார்கள். சிறு வீட்டுக்குத் தனி வாசல். இரண்டையும் உள்ளே இணைக்கும் வழியும் இருந்தது. தாத்தா பாட்டி தங்கள் விருப்பப்படி எழுந்து, தங்கள் நேரத்துக்குத் தேநீர் போட்டுக் குடிக்கலாம். பேரப்பிள்ளைகள் இடைக்கதவைத் திறந்துகொண்டு ஓடி வரலாம்.

திட்டம் நல்லது. ஆனால் கட்டப்பட்டவை சில நூறு வீடுகளே. எதிர்பார்த்த வரவேற்பு இல்லாததால் அது தொடரவில்லை. பெரிய வீட்டுக்குப் பெரிய விலை. தேடும்போதே பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே முடிவுக்கு வரவேண்டும். நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில், பெற்றோரின் பெயர் யார் வீட்டோடு ஒட்டும் என்பதும் எளிதான பேச்சல்ல. சமையலறை இரண்டானால் குடும்பமும் இரண்டாகிவிடும் என்று அஞ்சிய பெரியவர்களும் இருந்தார்கள்.

இதற்கிடையே குடும்பமே சுருங்கியது. 1980ல் ஒரு குடும்பத்தில் சராசரியாக ஏறத்தாழ 5 பேர். 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 3.7. 2020ல் 3.2. வீடுகளும் முன்பைவிடச் சற்றுச் சிறிதாயின. 1980களில் 100 சதுர மீட்டரைத் தாண்டிய நான்கறை வீடு, பிறகு 90 சதுர மீட்டர் அளவில் நின்றது. நான்கறை வீடு என்றாலும் படுக்கையறைகள் மூன்றுதான். இரண்டு பிள்ளைகள் இருந்தால் எல்லாம் நிரம்பிவிடும்.

அறையா, தூரமா?

1995ல் நாடாளுமன்றம் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத 60 வயதைக் கடந்த பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்கலாம். சட்டத்தால் பணம் வாங்கித்தர முடியும். அறை வாங்கித்தர முடியாது. 1998ல் 55 வயதைக் கடந்தவர்களுக்காக 35, 45 சதுர மீட்டர் அளவில் தனிச் சிறுவீடுகள் வந்தன. அவற்றில் கைப்பிடிகளும் அவசர அழைப்பு வசதியும் இருந்தன.

2013ல் மூன்று தலைமுறை வீடு ஈசூனில் அறிமுகமானது. பரப்பு 115 சதுர மீட்டர். நான்கு படுக்கையறைகள், மூன்று குளியலறைகள். அவற்றில் இரண்டு படுக்கையறைகளோடு குளியலறை சேர்ந்தே இருக்கும். ஒன்று மகனுக்கும் மருமகளுக்கும், ஒன்று பெற்றோருக்கும். 1980களில் பெரியவர்களுக்குத் தனி வாசல் கொடுத்தவர்கள், இம்முறை தனிக் குளியலறை கொடுத்தார்கள். இவ்வீட்டை விற்பதானால் இன்னொரு பல தலைமுறைக் குடும்பத்துக்கே விற்கவேண்டும்.

எல்லாக் குடும்பங்களும் ஒரே கூரையை விரும்புவதில்லை என்பதும் ஏற்கப்பட்டது. 2015ல், மறுவிற்பனை வீடு வாங்குவோருக்கு, பெற்றோருடனோ அவர்களுக்கு அருகிலோ குடியிருந்தால் 20,000 வெள்ளி மானியம் தரப்பட்டது. 2018ல் சேர்ந்து வாழ்வோருக்கு அது 30,000 வெள்ளியாக உயர்ந்தது. அருகில் என்பதற்கான எல்லையும் 2 கிலோமீட்டரிலிருந்து 4 கிலோமீட்டராக விரிந்தது. இழுத்துக் கட்ட முடியாத அறைக்குப் பதிலாகத் தூரம் குறைக்கப்பட்டது. பெரியவர்கள் பகலில் வந்து பேரனைப் பார்த்துக்கொண்டு, மாலையில் தங்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் கட்டிலில் படுக்கும் வாழ்க்கை இன்று பல பேட்டைகளில் இயல்பானது.

வந்து போகிறவர்களுக்கு

ஆனால் கடல் கடந்து வருபவர்களுக்கு 4 கிலோமீட்டர் கணக்கு உதவாது. மகளின் பிரசவத்துக்காக ஊரிலிருந்து வரும் அம்மா ஓரிரு மாதம் தங்குகிறார். விசா முடிந்ததும் திரும்பிவிடுகிறார். அவருக்கென மானியமோ வீட்டு வகையோ கிடையாது. அவருக்கான இடத்தை வீட்டின் வரைபடத்தில் குடும்பமேதான் ஒதுக்கவேண்டும்.

அங்கேதான் ஒரு சுவர் குறுக்கே வருகிறது. புதுவீட்டுச் சாவி கிடைத்ததும் பலர் முதலில் யோசிப்பது, கூடத்தை ஒட்டிய படுக்கையறைச் சுவரை எடுத்துவிட்டால் கூடம் பெரிதாகுமே என்பதைத்தான். கழகத்தின் அனுமதியோடு, பாரம் தாங்காத சுவரை எடுக்க வழியுண்டு. ஆனால் அப்படி இடிக்கப்படும் அறைதான் பெரும்பாலும் தாத்தா பாட்டி தங்கக்கூடிய அறை. வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையோ காற்றோட்டம் குறைந்த சிறு இடம். பெட்டி வைக்கலாம், பெரியவர்களைப் படுக்க வைக்க முடியாது.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. பிள்ளைகள் படிக்கும் அறையைப் பொதுக் குளியலறைக்குப் பக்கத்தில் வைத்து, அதில் மடக்குக் கட்டில் ஒன்று போட்டால், வருபவருக்கு இரவில் கழிப்பறை நான்கடியில் இருக்கும். முழுச் சுவருக்குப் பதிலாக இழுவைக் கதவு வைத்தால், பகலில் கூடம் பெரிதாகவும் இரவில் அறை தனியாகவும் இருக்கும். புதுவீட்டுக் குளியலறைத் தளத்தை முதல் மூன்றாண்டுகளுக்கு உடைக்க அனுமதி இல்லை. கைப்பிடி பொருத்துவதற்கு அந்தத் தடை இல்லை. அலமாரியில் ஒரு தட்டைக் காலியாக விட்டால், இரண்டு மாதமும் பாட்டி தன் சேலைகளைப் பெட்டியிலிருந்தே எடுத்துக் கட்டவேண்டியதில்லை.

2024 அக்டோபரில் கழகம் காலாங் வட்டாரத்தில் ஒரு புதுவகையைச் சோதனை முறையில் விற்பனைக்கு விட்டது. படுக்கையறைகளைப் பிரிக்கும் சுவர்கள் இல்லாத வீடுகள் அவை. எங்கே தடுப்பது, எதை எப்போது மாற்றுவது என்பதை அதில் குடியிருப்பவர்களே முடிவு செய்யலாம். பிள்ளை பிறந்தால் ஓர் அறை, தாத்தா பாட்டி வந்தால் இன்னோர் அறை. பலகைச் சுவர் காலத்தில் இருந்த அந்தச் சுதந்திரத்தில் ஒரு பங்கு, கான்கிரீட் வீட்டுக்குள் திரும்ப வந்திருக்கிறது. அந்தத் தடுப்பு எங்கே எழும், அதன் பின்னால் யாருடைய கட்டில் இருக்கும் என்பதைக் கழகம் முடிவு செய்யாது. சாவியை வாங்குகிறவர்கள்தான் முடிவு செய்வார்கள்.